குருத்தெலும்பும் கோழி வைரசும்

எங்கள் கல்லூரி ஆசிரியர் ஓய்வறையில் ஒருநாள் பிற்பகல், விலங்கியல் துறை நண்பர் என்னருகே வந்தமர்ந்து, "ஐயா, காண்ட்ரோபிளாஸ்ட் என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்?" என்று கேட்டார். தமிழ்வழி மாணவர்களுக்கு அவர் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த காலம் அது. குருத்தெலும்பை உண்டாக்கும் இளஞ்செல் என்று விளக்கினார். 'குருத்தெலும்பு இளஞ்செல்' என்றே எழுதிவிடுங்கள் என்றேன். அவர் போன பிறகும் அச்சொல் என்னை விடவில்லை. வாழைக்குருத்து, பனங்குருத்து என்று வழங்கும் குருத்தை எலும்போடு சேர்த்தவர் யாரென்று தெரியாது. ஆனால் கருவில் வளரும் உடலைப் பார்த்துப் பெயரிட்டவர் போலவே சேர்த்திருக்கிறார். நம் கை கால் எலும்புகள் எல்லாம் கருவறையில் முதலில் குருத்தெலும்பாகவே தோன்றுகின்றன. முற்றிய மட்டைக்கு முன் குருத்து வருவதைப் போல, எலும்புக்கு முன்னே அதன் மென்மையான வார்ப்பு வந்துவிடுகிறது.

மறுநாள் நண்பர் ஓர் ஆய்வுக்கட்டுரையின் நகலைக் கொண்டுவந்து தந்தார். 1977ஆம் ஆண்டு 'செல்' என்னும் இதழில் வந்தது. குருத்தெலும்பு இளஞ்செல்லுக்குள் ரவுஸ் சார்கோமா வைரஸ் புகுந்தால் அச்செல் என்ன ஆகிறது என்பது பொருள். முதல் வாசிப்பில் பாதி விளங்கவில்லை. நண்பரைத் தொந்தரவு செய்து, பழைய கட்டுரைகளையும் வாங்கிப் படித்து, சில மாதங்களில் ஒருவாறு புரிந்துகொண்டேன். இரண்டு தனித்தனி ஆறுகள் எங்கோ தோன்றி, ஒரு கோழிமுட்டைக்குள் வந்து கலந்த கதை அது. இலக்கியம் படிப்பவர்களுக்கும் சுவைக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

குருத்தெலும்பு விசித்திரமான திசு. அதில் இரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை. செல்களும் குறைவு. தம்மைச் சுற்றித் தாமே சுரந்து வைத்த கெட்டியான ஊடகத்தில், ஒன்றையொன்று தொடாமல், தனித்தனிக் குழிகளில் அவை வாழ்கின்றன. அந்த ஊடகத்தின் பெரும்பங்கு நீர். அந்நீரைப் பிடித்துவைப்பது கந்தகம் சேர்ந்த சர்க்கரைத் தொடர்களைச் சுமக்கும் புரோட்டியோகிளைக்கன் என்னும் பெரும் மூலக்கூறு. இரண்டையும் கட்டி நிறுத்துவது கொலாஜன் இழை. கொலாஜனின் மும்முறுக்கு வடிவத்தை 1954இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் இருந்துகொண்டு ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவர்கள் பயன்படுத்தியது கங்காருவின் வாலில் உள்ள தசைநாண். குருத்தெலும்பில் இருக்கும் கொலாஜன் எலும்பிலும் தோலிலும் இருப்பதினின்று வேறான தனிவகை என்பது 1969இல்தான் தெரிந்தது. எட்வர்ட் மில்லரும் விக்டர் மட்டுகாஸும் அதைக் கண்டதும் கோழியின் குருத்தெலும்பில்தான்.

உடலுக்கு வெளியே குருத்தெலும்பை வளர்த்துப் பார்த்தவர்களில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஹானர் ஃபெல் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி. கேம்பிரிட்ஜில் தாமஸ் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் நிறுவிய சிறு ஆய்வுக்கூடத்தில் 1923இல் சேர்ந்தார். 1926இல் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் இறந்தபோது கூடமே மூடப்படும் நிலை வந்தது. 1929இல் இயக்குநர் பொறுப்பு ஃபெல்லிடம் வந்தது, வயது இருபத்தொன்பது. 1970 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், அவர் அதை நடத்தினார். ஆறு நாள் கோழிக்கருவின் தொடையெலும்பு, கண்ணுக்குத் தெரியும் அளவுதான் இருக்கும். அதை எடுத்து, கடிகாரக் கண்ணாடியில் உறைந்த இரத்தநீர்மத்தின் மேல் வைத்து வளர்த்தார். உடலிலிருந்து பிரிந்த பின்னும் அது நீண்டது. தொடையெலும்புக்குரிய முனையும் வளைவும் அதற்கு வந்தன. தசையின் இழுப்பில்லை, உடலின் பாரமில்லை, இரத்த ஓட்டமில்லை; இருந்தும் தான் யார் என்பதை அந்தக் குருத்து அறிந்திருந்தது. பின்னர் 1952இல் மெல்லன்பியுடன் சேர்ந்து அதே வளர்ப்பில் வைட்டமின் ஏயை மிகுதியாகச் சேர்த்தபோது, குருத்தெலும்பு தன் ஊடகத்தை இழந்து கரைந்தது. கட்டும் செல்லே கலைக்கவும் வல்லது என்பதற்கு அது தொடக்ககாலச் சான்று.

முழு எலும்பாக வளர்த்தவரை தொல்லையில்லை. செல்களைத் தனித்தனியே பிரித்ததும் சிக்கல் தொடங்கியது. பிரித்த செல்கள் தட்டின் அடியில் ஒட்டிப் படர்ந்து, பெருகப் பெருகக் குருத்தெலும்பின் குணத்தை விட்டன. கந்தகம் சேர்ந்த ஊடகம் சுரப்பது நின்றது. பார்வைக்கும் சாதாரண இணைப்புத்திசுச் செல்கள் போலவே ஆயின. 1960இல் ஹோவர்ட் ஹோல்ட்சரும் உடனாய்ந்தோரும் இதை எழுதியபோது, எதிர்க்கேள்வி ஒன்று காத்திருந்தது. குணம் மாறியது குருத்தெலும்புச் செல்தானா, அல்லது அதனோடு ஒட்டிவந்த வேறு செல்கள் வேகமாகப் பெருகி அதை மூடிவிட்டனவா? வயலில் நெல் புல்லாக மாறவில்லை, புல் நெல்லை மூடிவிட்டது என்று சொல்வது போன்ற வாதம். 1966இல் ஹேடன் கூன் ஒரே ஒரு செல்லிலிருந்து பெருகிய கூட்டங்களை வளர்த்து விடை தந்தார். தகுந்த ஊட்டத்தில் அக்கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாகக் குருத்தெலும்பாகவே இருந்தன. ஊட்டம் மாறினால் குணம் மறைந்தது. ஆகவே மறதி செல்லினுடையதே. ஆனால் அது முழு மறதியா, நாவின் நுனியில் நிற்கும் மறதியா என்பது தெளியவில்லை.

மூட்டுத் தேய்வோடு படியேற முடியாமல் நிற்கும் வயதான தாயார் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி வெறும் கேள்வியன்று. இரத்தக்குழாயில்லாத திசு, பழுதானால் தானே ஆறுவது அரிது. நோயாளியின் சொந்தக் குருத்தெலும்புச் செல்லை எடுத்து, வெளியே பெருக்கி, முழங்காலின் பள்ளத்தில் வைக்கும் சிகிச்சையை 1994இல் சுவீடன் மருத்துவர்கள் அறிவித்தார்கள். 23 நோயாளிகளின் கணக்கு அது. பெருக்கும்போது செல் தன்னை மறக்கிறது என்பதே அவர்கள் துறையின் தீராத தலைவலி.

இனி மற்ற ஆற்றுக்கு வருவோம். 1909இல் நியூயார்க்கிலுள்ள ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்திற்குக் கோழி வளர்ப்பவர் ஒருவர் தம் பிளிமத் ராக் இனக் கோழியைக் கொண்டுவந்தார். அதன் மார்பில் பெரிய கட்டி. பெற்றுக்கொண்டவர் பெய்டன் ரவுஸ், வயது முப்பது. மருத்துவ மாணவராக இருந்தபோது பிணப்பரிசோதனையில் காசநோய் கண்ட எலும்பு விரலில் கீறி, நோய் தொற்றி, டெக்சாஸ் மாநிலத்தில் மாடு மேய்க்கும் பண்ணையில் ஓராண்டு கழித்து மீண்டவர். அவர் கட்டியை வெட்டியெடுத்து, அதே கோழியின் உறவுக் கோழிகளுக்கு நட்டார், வளர்ந்தது. பிறகு கட்டியை அரைத்து, நுண்ணுயிர்கூடப் புகமுடியாத பெர்க்ஃபெல்டு வடிகட்டியில் வடித்து, செல்லே இல்லாத அந்தச் சாற்றைச் செலுத்தினார். அப்போதும் கட்டி வந்தது. 1911இல் இதை வெளியிட்டார்.

அடுத்த ஆண்டு நடந்தது இக்கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஆனால் ரவுஸைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போவது. 1912இல் ரவுஸ், மர்ஃபி, டைட்லர் மூவரும் மற்றொரு கோழிக் கட்டியை அறிவித்தார்கள். அது எலும்பும் குருத்தெலும்பும் உண்டாக்கும் கட்டி. அதன் வடிசாறும் நோயைக் கடத்தியது. முதல் கட்டியின் சாறு முதல் வகைக் கட்டியையே தந்தது. இதன் சாறு எலும்புவகைக் கட்டியையே தந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, புகுந்த இடத்துச் செல்லிடம் எதைக் கட்டவேண்டும் எதைக் கட்டக்கூடாது என்று உத்தரவிடுகிறது. வைரசுக்கும் குருத்தெலும்புக்குமான உறவின் முதல் குறிப்பு என்று இதைக் கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

அறிஞர் உலகம் எப்படி வரவேற்றது? கோழி பாலூட்டியன்று, அதற்கு வருவது உண்மையான புற்றுநோயன்று, வடிகட்டியில் செல் நழுவியிருக்கும். எந்தத் துறையிலும் புதிய செய்தியை மறுக்க வழி மூன்றுதான் போலும்: அப்படி இல்லை, இருந்தாலும் இது அதுவன்று, அதுவே ஆனாலும் நீ சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் சுவடிப் பதிப்பு உலகத்திலும் இம்மூன்றையும் கேட்டிருக்கிறேன். ரவுஸ் எலியிலும் தேடினார், கிட்டவில்லை. 1915 வாக்கில் அந்த ஆய்வையே விட்டுவிட்டார். முதல் உலகப்போரின்போது இரத்தத்தைக் கெடாமல் வைக்கும் கரைசலை டர்னருடன் உருவாக்கினார். போர்முனையில் முதல் இரத்தச் சேமிப்பு அமைந்தது அதனால்தான். அதுவும் பெரும்பணியே. ஆனால் கோழி வைரஸ் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓரமாகக் கிடந்தது.

அதை மீட்டவர்கள் இளைஞர்கள். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் ரெனாட்டோ டல்பெக்கோவின் ஆய்வுக்கூடத்தில் ஹாரி ரூபினும் ஹோவர்ட் டெமினும் கோழிக்கருச் செல்களைத் தட்டில் பரப்பி, வைரசைத் தூவி, உருமாறிய செல்கள் சிறு சிறு திட்டுகளாக எழுவதை எண்ணும் முறையை 1958இல் வெளியிட்டார்கள். ஒரு கோழி சாகும்வரை காத்திருந்த ஆய்வு, சில நாட்களில் தட்டில் எண்ணும் ஆய்வாயிற்று. டெமின் அதற்கப்பால் போனார். இந்த வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ.; ஆனால் டி.என்.ஏ. படியெடுப்பதைத் தடுக்கும் மருந்து இட்டால் வைரஸ் உற்பத்தியும் நின்றுவிடுகிறது. அப்படியானால் வைரஸ் தன்னை டி.என்.ஏ.வாக எழுதி, செல்லின் ஏட்டிலேயே செருகிவைக்கிறது என்று 1964இல் வாதிட்டார். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வா என்று பலர் நகைத்தனர். 1970இல் அவரும் சடோஷி மிசுடானியும் ஒருபுறம், டேவிட் பால்டிமோர் தனியே மறுபுறம், அந்தத் தலைகீழ்ப் படியெடுப்பைச் செய்யும் நொதியை வைரசுக்குள்ளேயே கண்டனர். 1975இல் டெமின், பால்டிமோர், டல்பெக்கோ மூவருக்கும் நோபல் பரிசு. சோதனையைக் கையால் செய்த மிசுடானிக்கு இல்லை. பரிசு பெற்ற விழாவிலேயே புகைபிடிப்பவர்களைக் கடிந்துகொண்ட டெமின், தாம் புகைக்காதவராக இருந்தும், 1994இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

இரண்டு ஆறுகளும் கலக்க இன்னும் ஒரு கருவி தேவைப்பட்டது. அதை 1970இல் பெர்க்லியில் ஸ்டீவன் மார்ட்டின் தந்தார். வைரசில் ஒரு மாற்றுருவை அவர் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய 36 டிகிரி வெப்பத்தில் அது செல்லை உருமாற்றும். 41 டிகிரிக்கு ஏற்றினால் உருமாற்றும் தொழிலை மட்டும் நிறுத்திக்கொள்ளும், பெருகுவதை நிறுத்தாது. கோழியின் உடல்வெப்பமே ஏறக்குறைய 41 டிகிரி என்பதை எண்ணிப் பார்த்தால், இயற்கையில் தீங்கற்றதாகிவிட்ட ஒரு வைரசை, தட்டைச் சற்றே குளிரவைத்துத் தீயதாக்கலாம் என்றாகிறது. நோயை மூட்டவும் அணைக்கவும் ஒரு விசை கிடைத்துவிட்டது.

பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தில் ஹோல்ட்சருக்கு இதன் அருமை தெரிந்தது. பதினேழு ஆண்டுகளுக்கு முன் எழுந்த அதே வினா, இப்போது விசையோடு. மௌரிசியோ பசிஃபிசி, டேவிட் பெட்டிகர் முதலியோருடன் 1977இல் அவர் வெளியிட்டதே என் நண்பர் தந்த கட்டுரை. குருத்தெலும்பு இளஞ்செல்லில் அந்த மாற்றுரு வைரசைச் செலுத்தி, குறைந்த வெப்பத்தில் வைத்தார்கள். செல்கள் உருமாறின, குருத்தெலும்புக்குரிய கந்தகப் புரோட்டியோகிளைக்கனைச் சுரப்பது குன்றிப்போனது. வெப்பத்தை ஏற்றினார்கள். அதே செல்கள் மீண்டும் அதைச் சுரக்கத் தொடங்கின. இடையில் அவை எத்தனையோ முறை பிளந்து பெருகியிருந்தன. பின்வந்த ஆய்வுகளில் கொலாஜனும் அவ்வாறே தன் வகையை மாற்றிக்கொண்டு, திரும்பவும் மாறுவது தெரிந்தது.

இதைப் படித்த அன்று இரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் வரவில்லை என்று சொன்னால் மிகையென்று நினைக்கக்கூடாது. செல் மறக்கவில்லை. வாய் கட்டப்பட்டிருந்தது, அவ்வளவே. குருத்தெலும்பை ஆக்கும் அறிவு உள்ளே அழியாமல் இருக்க, அதை வெளிப்படுத்துவதை மட்டும் வைரஸ் தடுத்தது. பிரித்து வளர்த்த செல்களின் மறதியும் அத்தகையதே என்பதை 1982இல் பென்யாவும் ஷாஃபரும் வேறு வழியில் காட்டினார்கள். குணமிழந்த முயலின் குருத்தெலும்புச் செல்களைத் தட்டில் படரவிடாமல் அகரோஸ் கூழில் மிதக்கவிட்டபோது, அவை தம் பழைய கொலாஜனை மறுபடி ஆக்கின.

வாயைக் கட்டியது எது? வைரசின் ஒரே ஒரு மரபணு. சார்க் என்று பெயர். அது ஆக்கும் புரதத்தைக் கண்ணால் காண ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. டென்வரில் ரேமண்ட் எரிக்சனும் ஜோன் புருகியும் பிறந்த முயல்குட்டிகளுக்கு வைரசைச் செலுத்தினார்கள். கட்டி வந்த முயல்களின் இரத்தநீரில் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருந்தது. அந்நீரைக் கொண்டு, கதிரியக்கக் கந்தகம் ஊட்டிய கோழிச்செல்களிலிருந்து 60,000 எடையுள்ள ஒரு புரதத்தை 1977இல் வெளியே இழுத்தார்கள். அது வைரஸ் மரபணுவின் புரதம்தானா, வைரசால் தூண்டப்பட்ட கோழியின் புரதமா? அடுத்த ஆண்டே விடை வந்தது. முயலின் இளஞ்சிவப்பணுக்களை உடைத்தெடுத்த சாற்றில், செல்லே இல்லாமல், வைரசின் ஆர்.என்.ஏ.வை மட்டும் இட்டார்கள். சாற்றிலிருந்த ரைபோசோம்கள் அதைப் படித்து அதே 60,000 எடைப் புரதத்தைக் கட்டித் தந்தன. கோழியின் நோய், முயலின் சாற்றில், ஒரு சோதனைக்குழாயில் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது.

அந்த மரபணு வைரசுக்கு எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழ் படித்தவனுக்கு எளிதில் விளக்கலாம். வைரஸ் தான் பெருகுவதற்கு சார்க் தேவையில்லை. அது இல்லாத வைரசும் நன்றாகவே பெருகுகிறது. ஆகவே இது இடைச்செருகல். எந்த ஏட்டிலிருந்து எடுத்துச் செருகியது? 1976இல் சான் பிரான்சிஸ்கோவில் டொமினிக் ஸ்டெஹெலின், ஹெரால்ட் வார்மஸ், மைக்கேல் பிஷப் ஆகியோர், பீட்டர் வோக்ட்டுடன் சேர்ந்து, அந்தப் பாடல் நோயற்ற கோழியின் மூல ஏட்டிலேயே இருப்பதைக் காட்டினர். வைரஸ் எப்போதோ ஒரு கோழியிடமிருந்து படியெடுத்துக்கொண்டது; படியெடுத்தபோது ஈற்றடி சிதைந்துவிட்டது. மூலத்தில் அந்த ஈற்றடிதான் புரதத்தை அடக்கிவைக்கும் பகுதி. சிதைந்த பிரதி அடங்காமல் ஓடுகிறது. 1989இல் பிஷப்புக்கும் வார்மஸுக்கும் நோபல் பரிசு வந்தபோது, முதன்மைச் சோதனையைச் செய்தவன் நான் என்று ஸ்டெஹெலின் வெளிப்படையாக முறையிட்டார். மிசுடானியை நினைத்துக்கொண்டேன்.

ரவுஸுக்கு 1966இல், எண்பத்தேழாம் வயதில், நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையே ஐம்பத்தைந்து ஆண்டுகள். அவருடைய மருமகன் ஆலன் ஹாட்ஜ்கின் மூன்றாண்டு முன்னதாகவே வாங்கிவிட்டார். தம்மை நம்பாதவர்களால் வருந்திய இம்மனிதர், பரிசுரையில், புற்றுநோய் செல்லின் மரபணு மாற்றத்தால் வருகிறது என்னும் கொள்கையைக் கடுமையாக மறுத்துரைத்தார். 1970இல் இறந்தார். ஆறே ஆண்டுகளில் அவருடைய வைரசே அவர் மறுத்ததற்குச் சான்றாயிற்று. அவர்மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அந்த உரையைப் படிக்கும்போது சங்கடமாகத்தான் இருக்கிறது.

சார்க் புரதம் மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி என்று 1978இல் தெரிந்தது. எந்த அமினோ அமிலத்தின் மேல் ஒட்டுகிறது என்பதை சால்க் நிறுவனத்தில் டோனி ஹன்ட்டர் கண்டது ஒரு சோம்பலால் என்பார்கள். கட்டிவைரஸ் ஒன்றின் புரதத்தை 1979இல் ஆராய்ந்தபோது, புதிதாகக் கரைசல் தயாரிக்காமல் பழையதையே பயன்படுத்தினார். அதன் அமிலத்தன்மை சற்றே மாறிப்போயிருந்தது. அதனால் வழக்கமாக ஒன்றாய் ஓடும் இரண்டு புள்ளிகள் பிரிந்து நின்றன. புதியது டைரோசின். சார்க்கும் டைரோசினிலேயே ஒட்டுகிறது என்று அடுத்த ஆண்டு செஃப்டனுடன் சேர்ந்து எழுதினார். 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் என்னும் இரத்தப்புற்று மருந்து, இத்தகைய மற்றொரு டைரோசின் நொதியின் வாயை அடைக்கும் மருந்தே.

ஆக, சார்க் உடலில் ஏறத்தாழ எல்லாச் செல்லிலும் உண்டு, கெட்டால் புற்றுநோய். அப்படியானால் அது அறவே இல்லாத ஓர் உயிர் என்ன ஆகும்? பிறக்கவே பிறக்காது என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். 1991இல் ஃபிலிப் சொரியானோவும் உடனாய்ந்தோரும் சார்க் மரபணு இல்லாத சுண்டெலிகளை உண்டாக்கினார்கள். அவை பிறந்தன. மூளையில் பழுதில்லை, குருதியில் பழுதில்லை. பழுது எலும்பில் இருந்தது. பழைய எலும்பையும் அதற்குமுன் வந்த குருத்தெலும்பையும் அரித்து அகற்றவேண்டிய செல்கள் உருவாகியும் வேலை செய்யவில்லை. பல் முளைக்கவில்லை. எலும்பினுள்ளே மச்சைக்கு இடமில்லாமல், கருவில் வார்த்த குருத்தெலும்பின் மிச்சங்கள் அப்படியே அடைந்து கிடந்தன.

என் நண்பர் தம் பாடக்குறிப்பில் 'குருத்தெலும்பு இளஞ்செல்' என்றே எழுதியிருக்கிறார். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் அதைச் சுருக்கிக் 'குருத்துச்செல்' என்கிறார்களாம்.